குட்டி மோட்டாரும் ஒரு பவுண்டு துத்தநாகமும்: ஜூல் கற்றுத்தந்த சோதனை முறை

ஜூல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது +2 இயற்பியல் புத்தகம்தான். ஒரு வெப்ப விதி, ஒரு அலகு, பக்கத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் படம். தேர்வு முடிந்ததும் மூன்றும் மறந்துவிடும். ஆனால் அந்த வெப்ப விதியை எழுதியபோது ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலுக்கு வயது 21. தாடியெல்லாம் பிறகு வந்தது. கல்லூரிப் பட்டம் கிடையாது, பேராசிரியர் பதவி கிடையாது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்தவரின் மகன். வீட்டிலேயே ஓர் அறையில் கம்பி சுற்றி, இரும்பை வளைத்து, சின்னச் சின்ன மின்மோட்டார்கள் செய்து கொண்டிருந்த பையன். இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு 'ஹாபியிஸ்ட்'.

அந்தக் குட்டி மோட்டார்களை அவர் எப்படிச் சோதித்தார் என்பதுதான் இங்கே விஷயம். மோட்டாரைச் செய்தவர்கள் அப்போது நிறையப் பேர். அதை ஒழுங்காகச் சோதித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் அந்தக் காலத்து நிலவரம். 1821ல் மைக்கேல் ஃபாரடே மின்சாரம் ஓடும் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். 1825ல் வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர் உலகுக்கு மின்காந்தத்தைக் காட்டினார். செருப்புத் தைப்பவரின் மகன், பட்டாளத்தில் இருந்துகொண்டே தானாகப் படித்தவர். அவர் வளைத்த லாட வடிவ இரும்பின் எடை ஏழு அவுன்சுதான், ஆனால் ஒன்பது பவுண்டு எடையைத் தூக்கியது. அதன்பிறகு சும்மா இருப்பார்களா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கருமார், கடிகாரக்காரர், பள்ளி ஆசிரியர், கருவி செய்வோர் என்று ஆளாளுக்கு மோட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் வெர்மாண்டில் தாமஸ் டேவன்போர்ட் என்ற கருமார் 1837ல் மோட்டாருக்குக் காப்புரிமையே வாங்கினார். ரஷ்யாவில் மோரிட்ஸ் ஜேக்கபி 1838ல் நேவா ஆற்றில் மின்மோட்டார் படகில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார். ஸ்காட்லாந்தின் ராபர்ட் டேவிட்சன் 1842ல் தண்டவாளத்தில் மின்சார வண்டியையே ஓட்டிப் பார்த்தார். மணிக்கு நான்கு மைல் வேகம். நடந்தே போயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அன்றைக்கு அது அதிசயம்.

இந்த மோகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம், கொதிகலன் வெடிக்கும் என்ற பயம் வேண்டாம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. இரண்டு மின்காந்தங்களை எதிரெதிரே வைத்து மின்னோட்டத்தை இரட்டித்தால் இரண்டின் பலமும் இரட்டிக்கும். அதனால் அவற்றுக்கு இடையே உள்ள இழுவிசை நான்கு மடங்காகும். இதை அளந்து சொன்னவர்களில் ஜூலும் ஒருவர். அப்படியானால் பாட்டரியை இரண்டு மடங்காக்கினால் வேலை நான்கு மடங்கு கிடைக்குமே! இன்னும் பெரிதாக்கினால்? கணக்கு வானத்தைத் தொட்டது. 1839ல் இளம் ஜூலும் நீராவி எஞ்சினின் இடத்தை மின்காந்தம் பிடித்துவிடும் என்று உறுதியாக நம்பினார். பீர் ஆலை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் வேடிக்கை அல்ல, செலவுக் கணக்கு.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று கொஞ்சம் யோசித்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம். கலங்களைத் தொடராக இணைத்து எண்ணிக்கையை இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு கலத்திலும் துத்தநாகம் இரட்டை வேகத்தில் கரைகிறது. கலங்களும் இரட்டிப்பு. ஆக துத்தநாகச் செலவும் நான்கு மடங்கு! ஒரு கலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதை மறந்தால்தான் இலவசச் சக்தி வரும். ஆனால் அன்றைக்கு யாரும் முழுச் செலவையும் முழு வரவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை.

எழுத முடியாததற்கும் காரணம் உண்டு. ஆம்பியர் என்ற அலகு அப்போது இல்லை. வோல்ட் இல்லை, ஓம் இல்லை. 'என் கால்வனாமீட்டரில் முள் இத்தனை பாகை திரும்பியது' என்று ஒருவர் எழுதுவார். அவருடைய கால்வனாமீட்டரில் எத்தனை சுற்று, காந்த ஊசி எவ்வளவு நீளம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இன்னொருவர் 'ஆறங்குல பாட்டரி' என்பார். அமிலம் எத்தனை நீர்த்தது, தகடு புதுசா பழசா என்று சொல்லமாட்டார். சமையல் குறிப்பில் 'தேவையான அளவு உப்பு' என்று போடுவது மாதிரி. சமைத்தவருக்கு அது ருசிக்கும், படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

மோட்டார் ஆர்வலர்களின் கட்டுரைகளை வெளியிட ஸ்டர்ஜனே 1836ல் 'அன்னல்ஸ் ஆஃப் எலெக்ட்ரிசிட்டி' என்று ஒரு இதழ் தொடங்கியிருந்தார். ஜூலின் முதல் கட்டுரை 1838ல் அதில்தான் வந்தது. வயது 19. தான் செய்த ஒரு மோட்டாரைப் பற்றிய வர்ணனை. சொல்லப்போனால் அந்த முதல் கட்டுரையும் மற்றவர்கள் எழுதியது போலத்தான். இத்தனை காந்தம், இத்தனை கம்பி, நன்றாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

மாற்றம் இரண்டே ஆண்டுகளில் வந்தது. ஒருவர் சோதனையை இன்னொருவர் சோதனையோடு ஒப்பிடவே முடியவில்லை, காரணம் கருவியைப் பற்றிய அரைகுறை விவரமும் மின்னோட்டத்துக்கு ஆளாளுக்கு இஷ்டத்துக்குத் தரும் எண்களும்தான் என்று ஜூல் எழுதினார். அறிவியல் குழந்தையாக இருந்தபோது இதைப் பொறுத்துக்கொள்ளலாம், இனிமேல் கூடாது என்பது அவர் வாதம். இதில் அழகான விஷயம் என்னவென்றால், தானே முன்பு பயன்படுத்திய எண்களையும் தூக்கிப் போடுவதாக அதே இடத்தில் அறிவித்தார்.

அதற்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது மிக எளிமையான ஒன்று. மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினால் தண்ணீர் வாயுக்களாகப் பிரியும். எவ்வளவு மின்சாரம் போனதோ அவ்வளவு தண்ணீர் பிரியும், இது ஃபாரடே கண்ட விதி. ஒரு மணி நேரத்தில் 9 கிரெயின் தண்ணீரைப் பிரிக்கும் மின்னோட்டத்தை ஜூல் 'ஒரு டிகிரி' என்று வைத்துக்கொண்டார். இதை அளக்கும் கருவிக்குப் பெயர் வோல்டாமீட்டர். (நம் ஆய்வகத்து வோல்ட்மீட்டர் இல்லை, எழுத்தில் கொஞ்சம் கவனம்!) தன் கால்வனாமீட்டரின் முள் எந்தப் பாகையில் நின்றால் எத்தனை டிகிரி என்று இதை வைத்து முன்கூட்டியே அட்டவணை போட்டுக்கொள்ளலாம். இப்போது மான்செஸ்டரில் எடுத்த அளவை பீட்டர்ஸ்பர்க்கில் இருப்பவரும் சரிபார்க்க முடியும். தண்ணீர் எல்லா ஊரிலும் ஒரே தண்ணீர்தானே. 9 கிரெயின் என்பது சுமார் 0.58 கிராம். இன்றைய கணக்கில் அவருடைய ஒரு டிகிரி ஏறத்தாழ 1.7 ஆம்பியருக்குச் சமம்.

உள்ளே போவதை அளக்க வழி கிடைத்தது. வெளியே வருவதை? இதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் சுரங்கங்களில்.

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். கார்ன்வாலில் செம்பும் ஈயமும் அல்ல, செம்பும் வெள்ளீயமும் (நம் ஊரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அது) ஆழத்தில் கிடந்தன. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை நீராவி எஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலக்கரியோ அங்கே கிடையாது, கப்பலில் வர வேண்டும். அதனால் ஒவ்வொரு சுரங்க முதலாளிக்கும் ஒரே கேள்விதான்: ஒரு புஷல் நிலக்கரி எரித்தால் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்தலாம்? இந்த எண்ணுக்கு 'டியூட்டி' என்று பெயர். 1811லிருந்து ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு சுரங்கமாகப் போய் இந்த எண்ணை எடுத்து மாதாமாதம் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். எஞ்சின் எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதை எண்ணப் பூட்டு போட்ட எண்ணி ஒன்று. கரி எத்தனை புஷல் என்ற கணக்கு ஒன்று. எல்லா எஞ்சினுக்கும் அதே முறை, அதே படிவம். எந்தப் பொறியாளரின் எஞ்சின் மேல், எது மட்டம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். விளைவு? 1810களின் தொடக்கத்தில் சராசரி டியூட்டி 20 மில்லியனுக்குக் கீழே இருந்தது. 1840களில் 60 மில்லியனைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு மேதை வந்து செய்த மாயம் இல்லை இது. எண்கள் வெளிச்சத்துக்கு வந்ததால் வந்த போட்டி.

குறை சொல்பவர்களும் இருந்தார்கள். லீன் முறையில் தண்ணீரை நேரடியாக அளக்கவில்லை, குழாயின் விட்டத்தையும் அடியின் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டார்கள். குழாய் ஒழுகினால்? நியாயமான கேள்விதான். ஆனால் தவறு இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரியான தவறு என்பதால் ஒப்பிடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஜூல் இந்த டியூட்டியை அப்படியே மோட்டாருக்கு எடுத்துக்கொண்டார். கரிக்குப் பதில் துத்தநாகம். பாட்டரியில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்தால் மோட்டார் எத்தனை பவுண்டை ஓர் அடி தூக்கும்? எத்தனை துத்தநாகம் கரைந்தது என்பதை டிகிரியிலிருந்தே கணக்கிடலாம், ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றி நிறுக்க வேண்டியதில்லை. உராய்வை வெல்வதற்குச் செலவான வேலையையும் அவர் மோட்டாரின் கணக்கிலேயே வரவு வைத்தார். அதாவது மோட்டாருக்கு எவ்வளவு சலுகை கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுத்தார்.

1841 பிப்ரவரி 16ல் மான்செஸ்டரின் ராயல் விக்டோரியா கேலரியில் ஓர் உரை. அந்த அரங்கை நடத்தியவரும் நம் ஸ்டர்ஜன்தான். மின்மோட்டாரின் எதிர்காலத்தைக் கேட்க வந்தவர்களுக்கு ஜூல் வைத்தது இரண்டு எண்கள். குரோவ் பாட்டரியில் ஒரு பவுண்டு துத்தநாகத்துக்குத் தன் மோட்டார் தந்த அதிகபட்சம் 331,400 பவுண்டு-அடி. மிகச் சிறந்த கார்ன்வால் எஞ்சின் ஒரு பவுண்டு நிலக்கரிக்குத் தருவது சுமார் 1,500,000. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. துத்தநாகம் நிலக்கரியைவிடப் பல மடங்கு விலை வேறு. மின்காந்தத்தால் மலிவான சக்தி கிடைக்கும் என்ற நம்பிக்கையே தனக்குப் போய்விட்டது என்று அவரே அந்த உரையில் ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீராவிக்கு முடிவு கட்டப் போவதாக நினைத்த அதே ஆள்!

அவருடைய மோட்டார் அவ்வளவு மட்டமா? இன்றைய எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. குரோவ் கலத்தின் மின்னழுத்தம் சுமார் 1.9 வோல்ட். ஒரு பவுண்டு துத்தநாகம் அதில் கரைந்தால் கிடைக்கும் மொத்த மின்னாற்றல் சுமார் 25 லட்சம் ஜூல், அதாவது ஏறத்தாழ 19 லட்சம் பவுண்டு-அடி. ஜூலின் மோட்டார் அதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் வேலையாக மாற்றியது. கார்ன்வால் எஞ்சினும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைத்தான் மாற்றியது. அப்படிப் பார்த்தால் பையனின் மோட்டார் மோசமே இல்லை! தோற்றது மோட்டார் அல்ல, துத்தநாகம். ஒரு பவுண்டு துத்தநாகத்துக்குள் இருக்கும் சரக்கே அவ்வளவுதான். இழப்பே இல்லாத மோட்டார் செய்திருந்தாலும் அது கார்ன்வால் எஞ்சினை மயிரிழையில்தான் முந்தியிருக்கும், விலையில் அப்போதும் தோற்றிருக்கும். மோட்டாரின் காலம் வரவேண்டுமென்றால் மின்சாரம் பாட்டரியிலிருந்து வராமல் டைனமோவிலிருந்து வரவேண்டும். அதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

இந்தச் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் கிராஃப்டன் பேஜ் நாடாளுமன்றத்திடம் 20,000 டாலர் வாங்கி மின்சார ரயில் எஞ்சின் செய்தார். 1851 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து பிளேடன்ஸ்பர்க் வரை ஓட்டினார். பாட்டரிகள் வழியிலேயே உடைந்தன. திட்டம் அத்தோடு சரி.

ஜூலும் ஜேக்கபியும் கவனித்த இன்னொரு விஷயம்தான் குட்டி மோட்டாரைச் சோதிக்கும் யாருக்கும் முதலில் தெரிய வேண்டியது. மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற அது இழுக்கும் மின்னோட்டம் குறைகிறது. சுற்றும் காந்தம் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி பாட்டரியை எதிர்க்கிறது. சுமையில்லாமல் சுற்றும்போது மோட்டார் மிகக் கொஞ்சம் மின்சாரம்தான் சாப்பிடும். கையால் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டம் எகிறும், கம்பி சுடும். ஆகவே மோட்டார் நின்றிருக்கும்போது விசையை அளந்து, வெறுமனே சுற்றும்போது மின்னோட்டத்தை அளந்து, இரண்டையும் பெருக்கினால் உலகத்தையே விலைக்கு வாங்கலாம். காகிதத்தில்தான். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், ஒரே சுமையில் அளந்தவையாக இருக்க வேண்டும்.

அதற்கான கருவியும் பழசுதான். பிரான்சின் கஸ்பார் தெ ப்ரோனி 1821லேயே சொன்ன பிரேக். சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அதோடு சேர்ந்த கை எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்ப்பது. பொம்மை மோட்டாருக்குக் கட்டை வேண்டாம், நூல் போதும். கப்பியின் மேல் நூலைப் போட்டு இரு முனைகளையும் இரண்டு சுருள்வில் தராசில் மாட்டினால் ஆயிற்று. கப்பியின் ஆரம் 1 செ.மீ., தராசுகளின் வித்தியாசம் 20 கிராம், வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று கொள்வோம். வெளிவரும் திறன் சுமார் 0.6 வாட். அதே நொடியில் பாட்டரி முனையில் 3 வோல்ட்டும் அரை ஆம்பியரும் இருந்தால் உள்ளே போவது 1.5 வாட். நூற்றுக்கு நாற்பது. அடுத்த மோட்டாரைப் புதுப் பாட்டரியில் சோதித்துவிட்டு இதைப் பழைய பாட்டரியில் சோதித்தால் இந்த நாற்பதுக்கு அர்த்தமே கிடையாது. கம்பி சூடானபின் மின்தடை ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த அடிப்படையைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜோசஃப் நியூமன் 1979ல் ஒரு காப்புரிமை விண்ணப்பம் போட்டார். உள்ளே போவதைவிட அதிக ஆற்றலை வெளியே தரும் மின்காந்தப் பொறி! காப்புரிமை அலுவலகம் மறுத்தது, அவர் நீதிமன்றம் போனார், தொலைக்காட்சியில் வந்தார். கடைசியில் நீதிமன்ற உத்தரவுப்படி அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் அந்தப் பொறியைச் சோதித்தது. அது தரும் மின்னோட்டம் சீரானது அல்ல, துடிப்புத் துடிப்பாக வருவது. சாதாரண மீட்டர் இங்கே ஏமாற்றிவிடும். ஒவ்வொரு கணத்திலும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிச் சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். 1986 அறிக்கையின் முடிவு: சோதித்த எல்லா நிலைகளிலும் உள்ளே போனது வெளியே வந்ததைவிட அதிகம். சோதித்த விதமே தப்பு என்றார் நியூமன். 1989ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்.

ஜூல் சோர்ந்துபோய் மோட்டாரைக் கடாசிவிடவில்லை. பாட்டரியின் ஆற்றலில் வேலையாக மாறாத மீதி எங்கே போகிறது? கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் மின்தடைக்கும் நேர்விகிதம் என்று 1840 டிசம்பரிலேயே கண்டிருந்தார், நாம் மனப்பாடம் செய்யும் அந்த விதி. அப்படியானால் கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கினால் அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

1843ல் அதே குட்டி மின்காந்தத்தைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஒரு பெரிய மின்காந்தத்தின் துருவங்களுக்கு நடுவே நிமிடத்துக்கு 600 தடவை சுற்றவைத்தார். கால் மணி நேரம் பெரிய காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்து. அடுத்த கால் மணி நேரம் எல்லாம் அப்படியே, மின்சாரம் மட்டும் இல்லாமல். காற்றின் உராய்வாலும் அறையின் சூட்டாலும் வரும் மாற்றத்தை இரண்டாவது கால் மணி நேரம் காட்டிக் கொடுக்கும், அதைக் கழித்துவிடலாம். அதே மாதிரி, சுற்றுவதற்குத் தேவையான எடையையும் காந்தம் உள்ளபோது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை பார்த்துக் கழித்தார். அளக்க வேண்டிய சூடு ஒரு டிகிரியின் சில பின்னங்கள்தான். இப்படிக் கழிக்காவிட்டால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. தொட்டி தொட்டியாக ஊறலின் சூட்டைப் பார்த்துப் பழகிய ஆலைக்காரக் குடும்பத்துப் பையனுக்குத் தெர்மாமீட்டர் புதிது இல்லை என்று சொல்வார்கள்.

ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க எத்தனை பவுண்டு-அடி வேலை? அவருக்குக் கிடைத்த விடைகள் 587லிருந்து 1040 வரை சிதறிக் கிடந்தன. நம் ஆய்வகப் பதிவேட்டில் இப்படி வந்தால் பக்கத்து மேசையைப் பார்த்து மாற்றி எழுதிவிடுவோம்! ஜூல் அத்தனையையும் அச்சில் போட்டார், சராசரி 838 என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில், வேதியியல் பிரிவில், இதைப் படித்தார். கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு மோட்டாரை விட்டுவிட்டுத் தண்ணீரைத் துடுப்பால் கலக்கிப் பார்த்தார். 1850ல் 772 வந்தது. 1878ல் மறுபடி எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்தபோது 772.55. 1889 அக்டோபரில் ஜூல் இறந்தார். மான்செஸ்டருக்கு அருகே சேல் ஊரில் உள்ள கல்லறைக் கல்லில் அவருடைய பெயரோடு அந்த எண்ணையும் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைய மதிப்பு சுமார் 778.